கணக்கை வெட்டினால் காதலும் போய்விடும்

கேள்வி: ஆங்கில நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பர்டின் 'ஆர்கேடியா'வை எங்கள் கல்லூரி நாடகக் குழு மேடையேற்றப் போகிறது. கணக்கு, இயற்பியல் வசனங்களை வெட்டிவிட்டுக் காதலை மட்டும் வைத்துக்கொள்ளலாமா?
- ஒரு வாசகி, திருச்சி

பதில்: வெட்டாதீர்கள் அம்மா. அந்த நாடகத்தில் காதல் பாடத்துக்குள்தான் இருக்கிறது.

நாடகம் ஒரே வீட்டில் இரண்டு காலங்களில் மாறி மாறி நடக்கிறது, ஒன்று பழைய காலம், இன்னொன்று இன்றைய காலம். பழைய காலம் தொடங்குவது 1809இல். இங்கிலாந்தின் டெர்பிஷயரில் ஒரு கிராமப்புற மாளிகை. அந்த வீட்டுப் பெண் தாமசினாவுக்கு 13 வயது. வீட்டோடு தங்கிப் பாடம் சொல்லித்தரும் செப்டிமஸுக்கு 22. அரிசிப் புட்டிங்கில் ஒரு கரண்டி ஜாமைப் போட்டுக் கிளறினால் சிவப்புக் கோடாகச் சுருண்டு பரவுகிறதே, எதிர்ப்பக்கம் கிளறினால் மட்டும் ஏன் திரும்ப ஒன்றுசேர மாட்டேன் என்கிறது என்று கேட்கிறாள். கலந்து சிதறியது தானாகப் பழையபடி ஒன்றுசேராது என்று சொல்லும் வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதியை விஞ்ஞானிகள் வகுப்பதற்குப் பல ஆண்டுகள் முன்பே ஒரு சிறுமி அதன் வாசலுக்கு வந்துவிட்டாள். அதுவரை அவளுடைய ஏடாகூடமான கேள்விகளுக்கு மழுப்பிக்கொண்டிருந்த வாத்தியார் அந்த இடத்தில் நிமிர்ந்து பார்க்க வேண்டும். அந்த ஒரு பார்வை சரியாக அமைந்தால் நாடகம் பாதி தேறிவிடும். அப்போது அவருக்கு இருப்பது காதல் அல்ல. மாணவியின் மூளையைக் கண்ட வியப்பு.

மனசு மாறுவது 1812இல். தன் 17ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய இரவு, ஜோடியாகச் சுழன்று ஆடும் வால்ட்ஸ் நடனத்தைக் கற்றுத்தரச் சொல்கிறாள். அதுவும் ஒரு பாடம்தான். அன்றிரவே அவள் தீயில் இறந்துவிடுவாள் என்பது, அதே வீட்டில் இன்றைய காலத்தில் பழைய காகிதங்களைத் துருவும் ஹானாவின் வாயால் நமக்கு முன்பே தெரிந்துவிடுகிறது. ஆடுகிற இருவருக்கும் தெரியாது. கலந்த ஜாமைப் பிரிக்க முடியாது என்று முதல் காட்சியில் கேட்டிருந்தால்தான் இங்கே நெஞ்சை அடைக்கும். அப்புறம் செப்டிமஸ் தோட்டத்துக் குடிலில் துறவியாக ஒடுங்கி, சாகும்வரை தாள் தாளாகப் போடுவது அவள் தொடங்கிவைத்த கணக்கைத்தான். கணக்கே இல்லாத நாடகத்தில் அவர் எதைப் போடுவார்?

உங்கள் குழுவினர் கணக்கைக் கண்டு பயந்தால், ஸ்டாப்பர்ட் 17 வயதில் படிப்பை நிறுத்தியவர், கல்லூரிப் பக்கமே போகாதவர் என்று சொல்லுங்கள். தவிர, உரிமை வைத்திருப்பவர்களைக் கேட்காமல் வசனத்தில் கைவைக்கவும் கூடாது.

கேள்வி: இரண்டு காலத்துக்கும் இரண்டு செட் போட வேண்டுமா?
- அதே வாசகி

பதில்: வேண்டாம். ஒரே அறை, ஒரே பெரிய மேஜை போதும். ஒரு காலத்தவர் வைத்த புத்தகமும் காபிக் கோப்பையும் அடுத்த காலத்திலும் அப்படியே கிடக்கட்டும், அப்படித்தான் எழுதியிருக்கிறார். கடைசிக் காட்சியில் இரண்டு காலத்தவரும் ஒரே மேடையில் உலவுவார்கள். மிச்சமாகும் பணத்தில் நல்ல நடன ஆசிரியரைப் பிடியுங்கள். வால்ட்ஸ் பயிற்சியை முதல் வாரமே தொடங்கிவிட வேண்டும்.