வேன் ஹூட் லைனிங் தொங்குகிறது, எந்தப் பசை வாங்கலாம்?

கேள்வி: ஐயா வணக்கம். நோர்வூட் பக்கம் ஸ்கூல் வேன் ஓட்டுகிறேன், வயது 29. வண்டி 1996ஆம் ஆண்டு ஹயஸ். காலையில் பிள்ளைகளை ஹட்டனில் விடுவேன், சனி ஞாயிறுகளில் கொழும்புக்கும் கதிர்காமத்துக்கும் ஹயர் போவேன். பின் சீட்டுக்கு மேலே ஹூட் லைனிங் துணி, அதாவது கூரையின் உள்பக்கத் துணி, பிரிந்து தொங்குகிறது. கண்ணாடியில் பின்னால் வரும் வாகனமே தெரிவதில்லை. ஹாட்வெயார் கடையில் வெள்ளை பைன்டர் கம், டின்னில் வரும் மஞ்சள் பசை, ஸ்பிரே என்று மூன்றைக் காட்டுகிறார்கள். "நம்ம ஊர்க் குளிருக்கு எதைப் பூசினாலும் நிக்கும்" என்கிறார் கடைக்காரர். குஷன் கடையில் கேட்ட கூலி கையைக் கடிக்கிறது. எதை வாங்குவது?

பதில்: தம்பி, கடைக்குப் போகும் முன் ஒரு சின்ன வேலை செய்யுங்கள். தொங்கும் துணியின் ஓரத்தை மெல்ல விலக்கி உள்பக்கத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள். துணியின் முதுகில் மூன்று மில்லிமீற்றர் கனத்தில் மெல்லிய ஸ்பொஞ்ச் ஒட்டியிருக்கும். அமுக்கியதும் மெத்தென்று எழும்பி வந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம். டஸ்ட் தேயிலை கொட்டுவது போலப் பழுப்புப் பொடி தோளில் விழுந்தால் கோளாறு ஸ்பொஞ்சில் இருக்கிறது. அப்போது உலகத்தில் உள்ள எந்தப் பசையும் உதவாது. பசை பொடியைத்தான் பிடிக்கும், பொடி உதிர்ந்ததும் துணியும் கூடவே இறங்கிவிடும்.

இந்த ஸ்பொஞ்ச் பொலியூரிதேன். வெயிலின் சூடும் காற்றின் ஈரமும் சேர்ந்து வருடக்கணக்கில் அதை அரித்துவிடும். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனை வாகனங்களுக்கு 2025இல்தான் திரும்பத் திறந்தது. அதனால் பழைய வண்டிகளைத் தட்டிக்கொட்டி ஓட்டுகிறவர்கள் மலையகம் எங்கும் இருக்கிறார்கள். 1996 வண்டி, துணியும் பழையது என்றால், பெரும்பாலும் பொடியைத்தான் பார்ப்பீர்கள்.

எனக்கே இது நடந்தது. பழைய வேன் ஒன்றின் கூரையை ஒரு வேலைத்தளத்தில் கொடுத்தேன். கழற்றத் தேவையில்லை என்று சொல்லி, ஊசி வழியாகத் துணிக்குள் பசையை ஏற்றினார்கள். இரண்டு வாரம் நன்றாக இருந்தது. கொழும்பில் ஒரு மத்தியானம் வெயிலில் நிறுத்திவிட்டுத் திரும்பி வந்தேன். துணி முழுவதும் சீட்டில் படுத்திருந்தது, ஊசி போட்ட ஒவ்வொரு இடத்திலும் ஐந்து ரூபாய்க் காசு அளவில் கருத்த கறை. அந்தச் சல்லிக்குப் புதுத்துணியே வாங்கியிருக்கலாம்.

சரி, கடைக்காரர் சொன்ன குளிர்க் கதைக்கு வருவோம். வண்டி நோர்வூட்டிலேயே நின்றால் அவர் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கும். உங்கள் வண்டி கினிகத்தேனை, கித்துல்கலை இறங்கி, அவிசாவளை தாண்டி, கொழும்பு வெயிலில் நாள் முழுக்க நிற்கிறது. பூட்டிய வண்டியின் கூரைத் தகட்டுக்கு அடியில் சூடு 70 பாகை செல்சியஸைத் தொடுவது அங்கே சாதாரணம். கதிர்காமத்தில் நிறுத்தினாலும் அதே கதைதான். ஆகவே பசையை வாங்கும்போது கொழும்பு வெயிலை மனதில் வையுங்கள், ஒட்டும்போது மட்டும் நம் ஊர்க் குளிரைக் கவனியுங்கள்.

மூன்றில் வெள்ளை பைன்டர் கம்மை முதலில் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அது மரத்துக்கு அருமையானது. தண்ணீர் கலந்த பசை என்பதால் ஈரத்திலும் சூட்டிலும் இளகிவிடும்.

மஞ்சள் பசையில் இரண்டு ரகம் உண்டு. சோபா ஸ்பொஞ்ச் ஒட்டவென்று விற்கும் மலிவான ரகம் சூட்டில் இழுபடும். லேபலில் நியோப்ரீன் அல்லது பொலிகுளோரோப்ரீன் என்று இருந்தால் அது சூடு தாங்கும் ரகம். செருப்புத் தைப்பவர் இரண்டு பக்கமும் பூசி, காயவிட்டு, அமுக்குகிறாரே, அந்த வகை. ஓரங்களுக்கும் தகட்டு விளிம்புக்கும் அதை நம்பலாம். ஆனால் முழுக் கூரைக்கும் பிரஷ்ஷால் பூசாதீர்கள். கனமாக விழுந்த இடத்தில் ஸ்பொஞ்சை ஊடுருவி, முகத்துணியில் திட்டுத் திட்டாகத் தெரியும். குஷன் கடையில் இதையே ஸ்பிரே கன்னில் மெல்லிதாக அடிப்பார்கள், அது வேறு விஷயம்.

வீட்டில் செய்கிறவருக்கு ஏற்றது ஸ்பிரேதான். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள், எல்லா ஸ்பிரேயும் ஒன்று என்று நினைத்து. 3எம் நிறுவனத்தையே எடுங்கள். சூப்பர் 77 காகிதம், அட்டை போன்ற லேசான வேலைகளுக்கு. வாகனக் கூரைக்கென்றே ஹெட்லைனர் அண்ட் ஃபப்ரிக் என்ற பெயரில் தனியாக ஒன்று வருகிறது. வேறு கம்பனிச் சாமான்களும் இருக்கின்றன, பெயர் முக்கியமில்லை. டின்னின் முதுகில் ஹெட்லைனர் என்ற சொல்லும், 70 பாகை அல்லது அதற்கு மேல் தாங்கும் என்ற குறிப்பும் இருக்கிறதா பாருங்கள். எவ்வளவு சூடு தாங்கும் என்றே எழுதாத டின்னை நான் வாங்க மாட்டேன். சின்னக் காருக்கு ஒரு பெரிய டின், சில நேரம் இரண்டு போகும். உங்கள் வேனுக்கு மூன்றாவது எடுத்து வையுங்கள். திறக்காவிட்டால் திருப்பித் தரலாமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள்.

பொடியாகிவிட்டால் ஸ்பொஞ்ச் ஒட்டிய புதுத்துணி வேண்டும். குஷன் சாமான் கடைகளில் யார் (கெஜம்) கணக்கில் கேளுங்கள். கொழும்புக்கு ஹயர் போகும் நாளில் பஞ்சிகாவத்தைப் பக்கம் எட்டிப் பார்த்தால் நிறத் தெரிவு கூட. துணி ஒட்டியிருக்கும் லைனிங் பலகையைக் கூரையிலிருந்து கழற்றி வெளியே எடுத்து, தும்பு பிரஷ்ஷால் பழைய பொடியைச் சுரண்டுங்கள். மாஸ்க் கட்டாயம். பலகையின் பழைய பசையும் நாரும் கையில் ஒட்டாத அளவுக்குச் சுத்தமாக வேண்டும். முழு வேலையில் பாதி இதுதான், அவசரப்பட வேண்டாம்.

ஒட்டுவதற்கு மழையில்லாத நாளாகப் பார்த்து, காலை பத்து மணிக்குப் பிறகு தொடங்குங்கள். பனிமூட்டத்தில் அடித்தால் கரைப்பான் ஆவியாகும் குளிர்ச்சியில் காற்றின் ஈரம் பசைமேல் பனித்துவிடும், பிடிப்பே இருக்காது. மே முதல் செப்டெம்பர் வரை உங்கள் பக்கம் அப்படிப்பட்ட நாள் கிடைப்பது கஷ்டம். ஜனவரி, பெப்ரவரி நல்லது. பலகை, துணி இரண்டுக்கும் மெல்லிதாக அடியுங்கள். பலகை உறிஞ்சிக்கொள்ளும், அதற்கு மட்டும் இரண்டாவது தடவை. பிறகு புறங்கையால் தொட்டுப் பாருங்கள். ஒட்ட வேண்டும், ஆனால் நூலாக இழுபடவும் கூடாது, கையோடு வரவும் கூடாது. டின்னில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தால் நம் ஊரில் அதற்கு மேலும் ஆகலாம். நடுவில் தொடங்கி ஓரங்களை நோக்கி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போங்கள், அழுத்தித் தேய்க்க வேண்டாம். ஒரு நாள் முழுக்க நிழலில் விட்டுவிடுங்கள்.

இந்தப் பசைகளின் ஆவி எளிதில் தீப்பற்றும். வண்டிக்குள் அடிக்கவே அடிக்காதீர்கள். சாமிப் படத்துக்கு முன்னால் ஊதுபத்தி எரிந்தாலும் அணைத்துவிட்டுத்தான் டின்னைத் திறக்க வேண்டும்.

உங்கள் வண்டியில் பலகையே இல்லாமல் கம்பியில் ரெக்சின் தொங்கவிட்ட கூரை என்றால் கணக்கு வேறு. அதில் பசை ஓரத்தில் மட்டும்தான். ரெக்சினிலிருந்து கசியும் எண்ணெய்த்தன்மை சாதாரண நியோப்ரீனையும் இளக்கும், ஆகவே ரெக்சினுக்கு உகந்தது என்று எழுதிய பசையையே கேளுங்கள்.

கேள்வி: பண்டாரவளையில் ஒரு கடையில் ஹெட்லைனர் ஸ்பிரே வாங்கினேன். வீட்டில் அடித்தால் துளித் துளியாகக் கொட்டுகிறது. கடைக்காரர் எடுக்க மறுக்கிறார். என்ன செய்வது?

பதில்: முதலில் டின் குளிர்ந்திருக்கிறதா பாருங்கள். இரவு முழுக்க வெளியே இருந்த டின் காலையில் சரியாக அடிக்காது. கை பொறுக்கும் வெந்நீரில் கால் மணி நேரம் வைத்து, நன்றாகக் குலுக்குங்கள். அடுப்பில் காட்ட வேண்டாம், 50 பாகைக்கு மேல் போனால் டின் வெடிக்கலாம். அப்புறம் முனையைத் துடைத்துவிட்டு ஒரு அட்டையில் அடித்துப் பாருங்கள்.

அதற்கும் சரிவரவில்லை என்றால் டின்னின் திகதியைப் பாருங்கள். காலாவதியான சாமானை விற்கக் கூடாது. பில் கேட்டால் கொடுப்பது வியாபாரியின் கடமை. 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிடலாம், வாங்கி மூன்று மாதத்துக்குள் செய்ய வேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். பில், டின் இரண்டையும் எறியாமல் வைத்திருங்கள், திகதி தெரியும்படி ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: வேலை செய்யும் வரை குண்டூசி குத்தி ஓட்டலாமா? (தலவாக்கலை)

பதில்: நீங்கள் தனியே ஓட்டும் கார் என்றால், திருகிப் பொருத்தும் சுருள் பின் சில வாரத்துக்குப் பரவாயில்லை. குண்டூசி வேண்டாம், குலுங்கும் பாதையில் கழன்று விழும். பிள்ளைகள் ஏறும் வண்டியில் எந்தப் பின்னும் வேண்டாம். தொங்கும் பகுதியைக் கத்தரியால் வெட்டி எடுத்துவிட்டு, வெறும் பலகையோடு ஓட்டுங்கள். பார்க்க அசிங்கமாக இருந்தாலும் பின்கண்ணாடி தெரியும்.