ட்ரம்பெட்டுக்கு எந்த மவுத்பீஸ் வாங்குவது?

கேள்வி: நாகர்கோவில் பக்கம் ஒரு பங்கு ஆலய பேண்டில் சில ஆண்டுகளாக ட்ரம்பெட் வாசிக்கிறேன். வாத்தியத்தோடு வந்த 7சி அளவு மவுத்பீஸ்தான் (உதட்டில் வைத்து ஊதும், கழற்றக்கூடிய முனை) இன்றுவரைக்கும். திருவிழாப் பவனியில் ஒரு மணி நேரம் தாண்டினால் உதடு விட்டுப்போகிறது. மேல் ஜி-க்கு அப்பால் சத்தம் நெரிகிறது. '3சி போடு' என்கிறார் பேண்டு மாஸ்டர். ஆர்கெஸ்ட்ராவில் வாசிக்கும் நண்பர் 1½சி-தான் சரி என்கிறார். ஆழம் குறைந்த கப் வாங்கினால் மேல் சுரம் தானாக வரும் என்று யூடியூபில் ஒருவர் சொல்கிறார். யார் பேச்சைக் கேட்பது?

பதில்: மூவரும் அவரவர் உதட்டுக்கும் அவரவர் வேலைக்கும் பொருந்தியதைச் சொல்கிறார்கள். உங்கள் உதடு எவ்வளவு தடிமன், முன்பற்கள் எப்படி அமைந்திருக்கின்றன, நீங்கள் வாசிப்பது கூரைக்கு அடியிலா தெருவிலா என்பதெல்லாம் அந்த எண்களுக்குத் தெரியாது. ஆகவே எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, மவுத்பீஸின் எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று முதலில் பார்ப்போம்.

உதட்டில் படும் வளையம் ரிம். வசதியா வலியா என்பதைத் தீர்மானிப்பது இதுதான். அகலமான, உருண்ட ரிம் அழுத்தத்தைப் பரப்பிவிடும். நீண்ட நேரம் தாங்கலாம். ஆனால் சுரத்துக்குச் சுரம் தாவுவது கொஞ்சம் மந்தமாகும். உள் ஓரம் கூர்மையாக இருந்தால் சுரம் 'டக்'கென்று பிடிக்கும். கூடவே உதட்டையும் வெட்டும். ரிம்முக்குள்ளே இருக்கும் குழிவு கப். ஆழமானால் ஓசை கனத்து, இருண்டு வரும். ஆழம் குறைந்தால் பளிச்சென்று வெட்டிக்கொண்டு போகும். கப்பின் அடியில் உள்ள துளை த்ரோட். 7சி, 3சி என்ற எண்முறையைத் தொடங்கிய பாக் நிறுவனத்தின் வழக்கமான மவுத்பீஸ்களில் இது 3.66 மி.மீ. அதற்குப் பின்னால் விரிந்துபோகும் பாதை பேக்போர். கடைசி இரண்டையும் பற்றி இப்போதைக்கு நீங்கள் கவலைப்பட வேண்டாம்.

இனி அளவுக்கு வருவோம். எண் உள்விட்டத்தையும் எழுத்து கப்பின் ஆழத்தையும் குறிக்கும். பாக் பட்டியலில் 7சி-யின் உள்விட்டம் 16.20 மி.மீ., 3சி 16.30, 1½சி 17.00. உங்கள் மாஸ்டர் சொல்வதற்கும் கையில் இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு சாதாரணத் தாளின் தடிமன்தான். இருந்தும் வாயில் வைத்ததும் வேறு பொருளாகத் தெரியும். காரணம் விட்டத்தைவிட ரிம்மின் வடிவம்: 7சி-யின் உள் ஓரம் சற்றுக் கூர்மையானது. ஒரு மணி நேரத்தில் உங்கள் உதடு விட்டுப்போவதில் அந்த ஓரத்துக்கும் பங்கு இருக்கலாம். நண்பரின் 1½சி கதை வேறு. 0.8 மி.மீ. கூடுகிறது, அவ்வளவு அகலத்தில் உதட்டைக் கட்டிப்பிடிக்கத் தினப்படி பயிற்சி வேண்டும். ஆர்கெஸ்ட்ராவில் நடுநடுவே ஓய்வு கிடைக்கும், அரங்கமும் ஓசையைத் தாங்கிக்கொள்ளும். தேருக்கு முன்னால் நடந்தபடி வாசிப்பவருக்கு இரண்டுமே இல்லை.

ஆழம் குறைந்த கப் பற்றித் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இளைஞர்கள் அதிகம் பணம் விடுவது இதில்தான். அந்தக் கப் ஒரு சுரத்தையும் புதிதாகத் தராது. ஏற்கெனவே வரும் மேல் சுரத்தைப் பளபளப்பாக்கும், களைப்பைச் சற்றுத் தள்ளிப்போடும். பெரிய ஜாஸ் குழுக்களில் முதல் ட்ரம்பெட் வாசிப்பவர்கள் அதனால்தான் அதை விரும்புகிறார்கள். ஆனால் உதடு கொஞ்சம் தடித்தவர் அதில் வாசித்தால், அழுத்தம் கூடும்போது உதடு கப்பின் உள்ளே இறங்கி அடியைத் தொடும்; அதிர்வு அங்கேயே நின்று ஓசை பட்டென்று அறுந்துவிடும். சுருதியும் பொதுவாக ஏறும், டியூனிங் ஸ்லைடை (சுருதி சேர்க்க இழுக்கும் குழாய்) இன்னும் வெளியே இழுக்க வேண்டிவரும். கீர்த்தனைகளின் நடுஸ்தாயி மெலிந்து, ஆலயத்துக்குள்ளே காதைக் குத்தும். உங்களுக்கு அது வேண்டாம்.

என் தேர்வு: 7சி-க்கும் 3சி-க்கும் இடைப்பட்ட 5சி, மாஸ்டர் சொன்ன 3சி இரண்டையும் வாசித்துப் பாருங்கள், இரண்டில் ஒன்றை வாங்குங்கள். கடைக்குச் சொந்த ட்ரம்பெட்டைக் கட்டாயம் எடுத்துப் போங்கள். மவுத்பீஸின் ஷாங்க் (வாத்தியத்தில் செருகும் தண்டு) லீட்பைப்புக்குள் (அதை ஏற்கும் குழாய்) எவ்வளவு இறங்குகிறது என்பது வாத்தியத்துக்கு வாத்தியம் மாறும். கடைக்காரரின் ட்ரம்பெட்டில் இனித்தது உங்களுடையதில் இனிக்காமல் போகலாம். முதலில் பழைய 7சி-யிலேயே வாசித்து உதட்டைச் சூடாக்குங்கள். பிறகு புதியதைப் போட்டு நடுஸ்தாயி ஜி-யை மிக மெதுவாக ஊதுங்கள். காற்று மட்டும் சீறிவிட்டுப் பிறகு ஓசை வருகிறதா, ஊதியதுமே வருகிறதா? மெல்லப் பிறக்கும் ஓசைதான் பொருத்தத்தைச் சொல்லும். உரக்க ஊதினால் எல்லா மவுத்பீஸும் நன்றாகவே தோன்றும். அடுத்து வால்வைத் தொடாமல் கீழ் சி, ஜி, நடு சி என்று ஸ்லர் செய்து (நாக்கால் தட்டாமல் சுரங்களை இணைத்து) ஏறி இறங்குங்கள். கைபேசியில் டியூனரைத் திறந்து, பார்க்காமல் சுரத்தைப் பிடித்துவிட்டுப் பிறகு முள்ளைப் பாருங்கள். கடைசியாக, பவனியில் வழக்கமாக வாசிக்கும் ஒரு பாட்டை முழுதாக வாசியுங்கள். கூட வந்தவரைப் பத்தடி தள்ளி நிற்கச் சொல்லி, எண்ணைக் காட்டாமல் மாற்றி மாற்றி வாசித்துக் கேட்கச் செய்யுங்கள். ட்ரம்பெட்டுக்குப் பின்னால் நிற்கும் நமக்கு, முன்னால் போகும் ஓசை சரியாகக் கேட்பதில்லை.

கால் மணி நேரத்துக்கு மேல் இந்தச் சோதனை பயனில்லை. களைத்த உதடு எதையும் சரியாகச் சொல்லாது. முடியுமானால் மறுநாள் ஒருமுறை போங்கள்.

வாங்கிய பின் இரண்டு மூன்று வாரம் பழக விடுங்கள். திருவிழா கொடியேறிய பிறகு மவுத்பீஸ் மாற்றுவது வேண்டவே வேண்டாம். இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: நடந்துகொண்டே வாசிக்கும்போது களைப்பு வந்தால் நம் கை தன்னையறியாமல் ட்ரம்பெட்டை உதட்டில் அழுத்தும். ரத்த ஓட்டம் தடைபட்டு, உதடு மரத்துப்போகும். அதை எந்த மவுத்பீஸும் தீர்க்காது. பாட்டுக்குப் பாட்டு மேல் வரியை இரண்டாம் ட்ரம்பெட்காரரோடு பகிர்ந்துகொள்ள மாஸ்டரிடம் கேளுங்கள். பணம் செலவாகாத வழி இது.

கேள்வி: என்னிடம் யமஹா 11பி4 இருக்கிறது. 11 என்பது 7-ஐவிடப் பெரியதா சிறியதா? தம்பியின் 7சி-யும் இதுவும் ஏறக்குறைய ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. – திருச்சி

பதில்: இங்கேதான் பலரும் தவறானதை வாங்கிவிடுகிறார்கள். பாக் முறையில் எண் குறையக் குறைய விட்டம் பெருகும். எழுத்து ஏ-யிலிருந்து தள்ளிப் போகப் போகக் கப் ஆழம் குறையும். யமஹாவில் இரண்டுமே தலைகீழ். எண் கூடினால் விட்டம் கூடும். ஏ ஆழம் குறைந்தது, ஈ ஆழமானது. கடைசி எண் ரிம்மின் வடிவம். பெரிய எண்ணாக இருந்தால் தட்டையான ரிம். ஷில்கே என்ற நிறுவனத்தின் மவுத்பீஸ்களிலும் இதே ஒழுங்குதான், ஏனென்றால் அதை நிறுவிய ரெனால்ட் ஷில்கே யமஹாவுக்கு ஆலோசகராக இருந்தவர்.

பாக் முறையைத் தொடங்கிய வின்சென்ட் பாக் ஒரு ட்ரம்பெட் கலைஞர், பொறியியலும் படித்தவர். 1918-இல் நியூயார்க்கில் மவுத்பீஸ் செய்யத் தொடங்கினார். அவருடைய எண்கள் உலகம் முழுக்கப் பரவின, ஆனால் அவை எல்லாரையும் கட்டுப்படுத்தும் தர அளவு அல்ல. ரிம்மின் உள் ஓரம் வளைந்திருப்பதால் 'விட்டம்' எந்த இடத்தில் தொடங்குகிறது என்பதையே ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு விதமாக எடுத்துக்கொள்கிறது. வேறு நிறுவனத்தின் 7சி வாங்கினால் அது பாக் 7சி-யாகவே இருக்கும் என்று நம்பாதீர்கள். உங்கள் 11பி4, தம்பியின் 7சி இரண்டுமே தொடக்கநிலையினருக்குக் கொடுக்கப்படுபவை, ஒன்றுபோலத் தெரிவதில் வியப்பில்லை. மாற்ற வேண்டிய தேவை எதுவும் உங்கள் கடிதத்தில் இல்லை.

கேள்வி: இணையத்தில் '7சி, வெள்ளி முலாம்' என்று போட்டிருந்த மவுத்பீஸை வாங்கினேன். ரிம்மில் ஓர் இடம் சொரசொரப்பாக இருக்கிறது, ட்ரம்பெட்டில் வைத்தால் ஆடுகிறது, சில நாளிலேயே முலாம் உரிந்து மஞ்சள் தெரிகிறது. வாயில் வைக்கும் பொருள் என்பதால் திருப்பி எடுக்க மாட்டோம் என்கிறார் விற்பனையாளர். – மதுரை

பதில்: மனம் மாறித் திருப்பித் தருபவருக்கு அவர் அப்படிச் சொல்லலாம். உங்களுக்குச் சொல்ல முடியாது. 2020-ஆம் ஆண்டின் மின்வணிக நுகர்வோர் விதிகளின்படி, பொருள் குறையுடையதாகவோ போலியாகவோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாததாகவோ இருந்தால் விற்பனையாளர் திரும்ப எடுத்துக்கொள்ள மறுக்கக் கூடாது. முலாம் உரிந்த இடத்தையும் விளம்பரப் பக்கத்தையும் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாக ஒப்புகை தந்து, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டியது அவர் கடமை. நடக்கவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் போவதானால், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது.

அதுவரை அந்த மவுத்பீஸை வாயில் வைக்காதீர்கள். முலாம் போன பித்தளை உதட்டை அரிக்கும், சிலருக்குத் தடித்துப் புண்ணாகும். அடுத்த முறை நேரில் வாங்குங்கள். உத்தரப்பிரதேசத்து மீரட் நகரின் ஜலி கோட்டி பகுதி பேண்டு வாத்தியத் தயாரிப்புக்குப் பேர்போனது. நம்மூர் உருப்படிகளிலும் நல்லவை கிடைக்கும், ஒவ்வொன்றையும் கையில் எடுத்துப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான். ரிம்மைச் சுற்றி விரல் நகத்தை ஓட்டுங்கள். எங்கும் தட்டக் கூடாது. வெளிச்சத்துக்கு நேரே பிடித்துத் துளை வட்டமாகவும் நடுவிலும் இருக்கிறதா என்று பாருங்கள். கண்ணாடி மேசையில் உருட்டினால் ஷாங்க்கின் நுனி துள்ளக் கூடாது. பிறகு உங்கள் ட்ரம்பெட்டில் பொருத்தி மெல்ல அசைத்துப் பாருங்கள். துளியும் ஆடக் கூடாது.

கேள்வி: தாத்தாவின் பழைய கார்னெட்டில் (ட்ரம்பெட் போன்ற வாத்தியம்) என் ட்ரம்பெட் மவுத்பீஸைப் போடலாமா?

பதில்: முடியாது. ட்ரம்பெட்டின் ஷாங்க் தடித்தது, கார்னெட்டுக்குள் சரியாக இறங்காது. அடித்து இறக்கினால் குழாய் கெடும். கார்னெட்டுக்கென்றே கேட்டு வாங்குங்கள். ட்ரம்பெட் இனத்து இன்னொரு வாத்தியமான ஃப்ளூகல்ஹார்னுக்கும் இதே பதில்தான்.

கேள்வி: மகனுக்கு 12 வயது, பள்ளி பேண்டில் ட்ரம்பெட். அடுத்த மாதம் பல்லுக்குக் கம்பி கட்டப் போகிறார்கள். விலையுயர்ந்த மவுத்பீஸ் வாங்கித் தந்தால் வலி குறையுமா? – சிங்கப்பூர்

பதில்: இந்த நேரத்தில் விலையுயர்ந்தது எதையும் வாங்காதீர்கள், அம்மா. கம்பி இருக்கும் காலம் முழுக்கப் பல் நகர்ந்துகொண்டேயிருக்கும். இன்று பொருந்துவது ஆறு மாதத்தில் பொருந்தாது, கம்பியை எடுத்ததும் எல்லாம் திரும்பவும் மாறும். அகலமான, உருண்ட ரிம் உள்ள சாதாரண மவுத்பீஸ் ஒன்று போதும்; பள்ளியில் இரவலாகக் கிடைக்குமா என்று பேண்டு ஆசிரியரிடம் கேளுங்கள். உதட்டின் உள்பக்கம் கம்பியில் அழுந்தாமல் இருக்க மெழுகோ உறையோ உண்டு, பல் மருத்துவரே தருவார். பையன் காற்றுக் கருவி வாசிப்பவன் என்று கம்பி கட்டுவதற்கு முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.

முதல் சில வாரம் மேல் சுரங்கள் போய்விடும், ஓசை கலங்கும். பிள்ளைகள் இதில் மிகவும் உடைந்துபோகிறார்கள், சிலர் அப்போதே விட்டுவிடுகிறார்கள். தினம் பத்து நிமிடம் நடுஸ்தாயி மட்டும், மெதுவாக. வலித்தால் அன்றைக்கு நிறுத்திவிட வேண்டும். கீழ் வரியைக் கொஞ்ச நாள் கொடுக்கும்படி ஆசிரியரிடம் நீங்களே பேசுங்கள்.

கேள்வி: மவுத்பீஸ் ட்ரம்பெட்டில் சிக்கிக்கொண்டது. குறடு வைத்துத் திருகலாமா? – தூத்துக்குடி

பதில்: கூடாது. லீட்பைப் முறுகிப் பற்றவைத்த இடம் விட்டுவிடும். ஒரு மவுத்பீஸுக்காக வாத்தியத்துக்கே வைத்தியம் பார்க்க வேண்டிவரும். இதற்கென்றே மவுத்பீஸ் புல்லர் என்று ஒரு கருவி உண்டு, நேராக இழுத்து நொடியில் எடுத்துவிடும். வாத்தியம் பழுதுபார்ப்பவரிடமோ பெரிய பேண்டு குழுவிலோ இருக்கும். எடுத்த பின் ஷாங்க்கின் நுனியைப் பாருங்கள். கீழே விழுந்து நசுங்கியிருந்தால் அதுதான் சிக்கியதற்குக் காரணமாக இருக்கலாம். கூம்புக் கம்பி வைத்து அவரே வட்டமாக்கித் தருவார். பிறகு வெதுவெதுப்பான நீரில் பிரஷ் போட்டுக் கழுவி, வாசித்து முடித்ததும் ஒவ்வொரு முறையும் கழற்றித் தனியாக வையுங்கள்.