புது பெல்ட்டும் ஓரம் பிசிறினால் டென்ஷனரைப் பாருங்கள்

வணக்கம். வண்டியில் புது டிரைவ் பெல்ட் (எஞ்சின் சுழற்சியில் ஆல்டர்னேட்டர் போன்றவற்றை ஓட்டும் பெல்ட்) போட்டு 20,000 கிலோமீட்டருக்குள் ஒரு ஓரம் பிசிறிவிட்டது, காலையில் கீச்சென்று கத்துகிறது, மறுபடி மாற்றலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம். இன்றைய இபிடிஎம் என்ற செயற்கை ரப்பர் பெல்ட் சாதாரணமாக ஒரு லட்சம் கிலோமீட்டர் அளவுக்கு உழைக்கும். காரணத்தைக் கண்டுபிடிக்காமல் போட்டால் அடுத்ததும் இப்படித்தான் போகும்.

ஒரு ஓரம் மட்டும் பிசிறுவதால், பெல்ட் ஓடும் சக்கரங்களில், அதாவது புல்லிகளில், ஏதோ ஒன்று கோணலாக நிற்கிறது என்றுதான் நினைக்கிறேன். என் முதல் சந்தேகம் பெல்ட்டை இறுக்கமாக வைத்திருக்கும் டென்ஷனர் மேல். அதன் கை சுழலும் இடத்தில் உள்ள புஷ் (தாங்கு வளையம்) தேய்ந்தால் புல்லி சாய்ந்துவிடும், பெல்ட் ஒரு பக்கமாக ஒதுங்கி உரசும். பெல்ட் மட்டும் மாற்றும்போது இதை யாரும் கவனிப்பதில்லை. எஞ்சினை நிறுத்தி, பெல்ட்டைக் கழற்றி, ஐட்லர் (பெல்ட்டுக்கு வழிகாட்ட மட்டும் சுற்றும் புல்லி), ஆல்டர்னேட்டர் (பேட்டரியை சார்ஜ் செய்யும் கருவி) புல்லிகளையும் கையால் சுற்றிப் பாருங்கள். கரகரப்போ ஆட்டமோ இருந்தால் பேரிங் போயிருக்கிறது.

எஞ்சின் ஓடி பெல்ட் கத்தும்போது, அதன் பள்ளம் உள்ள பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தெளிக்கலாம், கையும் துணியும் பத்திரம். சத்தம் நின்று உடனே திரும்பினால் புல்லி கோணல். கூடினால் இறுக்கம் போதவில்லை.

அப்புறம், எண்ணெய்க் கசிவு இருக்கிறதா பாருங்கள். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி மெத்தென்று ஆகிவிடும். சத்தத்தை அடக்க ஸ்பிரே அடிக்காதீர்கள். பல வண்டிகளில் வாட்டர் பம்ப்பும் இதே பெல்ட்டில்தான் ஓடுகிறது, சரிபார்க்கும்வரை நெடுந்தூரம் போக வேண்டாம்.