போன பிறவி ஏன் மறந்துபோகிறது? கேள்வி பதில்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைப் பக்கம் பல வருடங்கள் சைவநெறி படிப்பித்து ஓய்வுபெற்றவன் நான். காமன் கூத்தில் எரிந்த மன்மதன் எழும்பி வந்தாலும் வந்தார், பிள்ளைகளுக்கு மறுபிறவிச் சந்தேகம் பிடித்துக்கொண்டது. தெரிந்தவரை எழுதுகிறேன்.

நோர்வூட்டிலிருந்து ஒரு தாய்: மறுபிறவி உண்மையென்றால் ஒன்றுகூட ஞாபகமில்லையே, ஐயா?

கருவில் இருக்கும் பிள்ளைக்கு முற்பிறவி ஞாபகம் உண்டு, பிறக்கும்போது 'சடம்' என்ற வாயு தொட்டு அதை மறக்கச் செய்கிறது என்பது பழைய நம்பிக்கை. அந்த வாயுவைக் கோபித்து விரட்டியதால்தான் நம்மாழ்வாருக்குச் சடகோபர் என்று பெயர் வந்ததாம். கதை எனக்குப் பிடிக்கும். ஆனால் சைவ சித்தாந்தத்தின் விளக்கம் இன்னும் நுணுக்கமானது. உயிர் தானாக எதையும் அறியாது, உடல், மனம் முதலிய கருவிகள் வழியாகவே அறியும். பருவுடல் விழுந்தால் அதோடு பெயரும் ஊரும் போய்விடும். நுண்ணுடலில் ஏறி வருவது வினையும், வாசனை எனப்படும் பழக்கத்தின் சுவடும்தான்.

அம்மா, உங்கள் ஒன்றரை வயது உங்களுக்கு ஞாபகமிருக்கிறதா? எனக்கில்லை. மூளையின் நினைவுப் பகுதி அப்போது வளர்ந்து முடிந்திருக்காது என்கிறார்கள் விஞ்ஞானிகள். ஆனாலும் நடக்கவும் பேசவும் அப்போதுதான் பழகினோம். இதை மறுபிறவிக்குச் சாட்சியாக எடுக்க வேண்டாம். மறந்துவிட்டோம் என்பதற்காக நடக்கவில்லை என்று சொல்லிவிட முடியாது, அவ்வளவுதான்.

பொகவந்தலாவையிலிருந்து ஒரு இளைஞர்: ஞாபகமே இல்லாத குற்றத்துக்குத் தண்டனையா? இது நியாயமா?

தம்பி, நம் முன்னோர் காலத்துத் 'துண்டு' பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். தோட்டத்துக்கு ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியின் கணக்கில் ஏறிய கடனைச் சொல்லும் கடதாசி அது. வாசிக்கத் தெரியாதவர் தோட்டம் மாறினாலும் கடன் கூடவே போனது. சேர்ந்து கிடக்கும் வினை சஞ்சிதம், அதில் இந்தப் பிறவியில் அனுபவிக்க வந்தது பிராரத்தம், இப்போது புதிதாகச் சேர்ப்பது ஆகாமியம். இந்தக் கணக்கும் வாசிக்கத் தெரியுமா என்று கேட்டுக்கொண்டு வருவதில்லை.

துண்டே அநியாயம்தானே, அதனால்தானே 1921இல் ஒழித்தார்கள் என்று நீங்கள் திருப்பிக் கேட்பீர்கள். கேட்க வேண்டியதுதான். வினைப்பயன் தண்டனையல்ல, உயிரைப் பற்றியிருக்கும் மலம் என்ற அழுக்கு பக்குவப்படக் கொடுக்கும் மருந்து என்பது சித்தாந்தத்தின் பதில். என்ன நோய்க்கு என்று தெரியாமல் மருந்து குடிப்பது எனக்கும் கசப்பாகத்தான் இருக்கிறது. இதை நான் வகுப்பிலும் ஒளித்ததில்லை.

பண்டாரவளையிலிருந்து ஒரு மாணவி: தோட்டத்து லயத்தில் பிறந்ததே நம் கர்மம் என்று அப்பாயி சொல்கிறார். அப்படியா?

இல்லை, மகள். 1948இல் மலையகத் தமிழரான நம் ஆட்களின் குடியுரிமையைப் பறித்தது பாராளுமன்றம் நிறைவேற்றிய சட்டம். 1964இல் இலங்கை, இந்தியப் பிரதமர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, 5 இலட்சத்து 25 ஆயிரம் பேர் இந்தியாவுக்கு, 3 இலட்சம் பேர் இலங்கைக்கு என்று பங்கு பிரித்தார்கள். அவர்கள் என்ன, சித்திரகுப்தனின் ஏட்டைப் பார்த்தா பிரித்தார்கள்? அடிபட்டவனுக்கு அது பிராரத்தம் என்றே வைத்துக்கொண்டாலும், அடித்தவனுக்கு அது ஆகாமியம். அந்தப் பாதியை மட்டும் யாரும் நமக்குச் சொல்லித் தருவதில்லை. அப்பாயியோடு சண்டை பிடிக்காதீர்கள். கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய காலமெல்லாம் அந்தச் சொல்தான் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

கொத்மலையிலிருந்து ஒருவர்: சிங்களப் பிள்ளைகள் சிலருக்கு முற்பிறவி ஞாபகம் வந்ததாமே?

உங்கள் பக்கத்துக் கதையே ஒன்று உண்டு. 1956இல் பிறந்த ஒரு சிறுமி, தான் முன்பு தலவாக்கலையில் பையனாக இருந்ததாகச் சொன்னாள். அமெரிக்க மனநல மருத்துவர் இயன் ஸ்டீவன்சன் இங்கே வந்து விசாரித்து, 1966இல் வெளியிட்ட நூலில் அதைச் சேர்த்தார். இப்படிப் பேசும் பிள்ளைகள் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வயதுக்குள் பேசத் தொடங்கி, பள்ளிக்கூடம் போகும் வயதில் மறந்துவிடுகிறார்கள். பெரியவர்கள் துருவித் துருவிக் கேட்பதே பிள்ளையின் வாயில் கதையை வளர்க்கும் என்று மறுப்பவர்களும் உண்டு. முப்பது வருடம் பிள்ளைகளோடு இருந்தவன் என்ற முறையில் அந்த மறுப்பை என்னால் தள்ள முடியவில்லை.

இன்னொன்று, பௌத்தத்தில் நிலையான ஆன்மா கிடையாது. ஒரு விளக்கிலிருந்து இன்னொரு விளக்கை ஏற்றுவது போல என்பார்கள். அங்கே 'நான்தான் அந்தப் பையன்' என்று சொல்வதே சிக்கல்.

மஸ்கெலியாவிலிருந்து ஒருவர்: காசு கொடுத்தால் போன பிறவியைப் பார்த்துச் சொல்கிறாராம் ஒருவர். போகலாமா?

வேண்டாம். எல்லோரும் அங்கே ராஜாவாகத்தான் இருந்திருப்பார்கள்.

லிந்துலையிலிருந்து ஒரு பெண்: அம்மா போய் ஒரு வருடத்தில் எனக்கு மகள் பிறந்தாள். அம்மாவேதான் என்கிறார்கள்.

ஆம் என்று சொல்ல எனக்கு அதிகாரமில்லை, பிள்ளை. இல்லை என்று சொல்ல மனமுமில்லை. காரைக்கால் அம்மையார் பிறவாமை கேட்டார். பிறந்தாலும் இறைவனை மறவாமை கேட்டார். போன பிறவியின் உறவுகளை ஞாபகம் வைத்திருக்க வரம் கேட்கவில்லை. அம்மாவின் பெயரையே வையுங்கள். பாட்டன் பெயரைச் சுமப்பதால்தானே பேரன், பெயரன்.

என் அம்மா இறந்த வருடம்தான் தங்கைக்கும் மகள் பிறந்தாள். அம்மாவின் ஜாடை தெரிகிறதா என்று மாதக்கணக்கில் தொட்டிலை எட்டி எட்டிப் பார்த்தேன். அம்மா வாயில் வெற்றிலை இல்லாமல் இருந்ததே இல்லை. மருமகளுக்கு இப்போது நாற்பது வயதாகிறது, வெற்றிலை வாசமே ஆகாது.