போட்டிப் பிஸ்டலுக்கு எந்த ரெட் டாட்? வாசகர் கேள்விகளும் பதில்களும்

சென்ற இதழில் ரெட் டாட் பற்றி, அதாவது பிஸ்டல் மேல் மாட்டும், கண்ணாடியில் ஒளிப் புள்ளி காட்டிக் குறிபார்க்க உதவும் சைட் பற்றி, இரண்டு வரி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு வந்த கடிதங்களில் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளை எடுத்துக்கொண்டு இந்த முறை முழுவதும் அதைப் பற்றியே எழுதுகிறேன்.

கேள்வி: இரண்டு வருடமாக ஐபிஎஸ்சி (ஓடியும் திரும்பியும் சுடும் வகை) போட்டிகளில் அயர்ன் சைட்டோடு (பிஸ்டலின் முன்னும் பின்னும் இருக்கும் உலோகக் குறிகள்) சுடுகிறேன். இப்போது ரெட் டாட் வாங்கப் போகிறேன். புள்ளி 3 எம்.ஓ.ஏ. (புள்ளியின் அளவைச் சொல்லும் கோண அலகு) இருக்க வேண்டுமா, 6 இருக்க வேண்டுமா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

பதில்: சொல்கிறேன், அதற்கு முன் ஒன்று. நீங்கள் சுடப்போகும் டிவிஷனின் (போட்டிப் பிரிவின்) விதியை எடுத்துப் படித்துவிட்டீர்களா? ஐபிஎஸ்சி-யில் ஓப்பன், புரொடக்‌ஷன் ஆப்டிக்ஸ், அமெரிக்க அமைப்பான யுஎஸ்பிஎஸ்ஏ-வில் கேரி ஆப்டிக்ஸ் என்று ரெட் டாட் அனுமதிக்கும் டிவிஷன்கள் பல இருக்கின்றன, ஆனால் ஒவ்வொன்றும் எதை எங்கே பொருத்தலாம் என்பதில் வேறுபடும். கேரி ஆப்டிக்ஸில் சைட் ஸ்லைடின் (சுடும்போது முன்னும் பின்னும் ஓடும் மேல்பகுதி) மேல்தான் உட்கார வேண்டும், ஃபிரேமில் (ஓடாத அடிப்பகுதி) தாங்கி வைத்து மாட்ட முடியாது. ஓப்பனில் ஃபிரேமில் மாட்டலாம். அங்கே ஸ்லைடு மட்டும் முன்னும் பின்னும் ஓடும், சைட் இருந்த இடத்திலேயே இருக்கும், அதனால் கண்ணுக்கும் நிம்மதி, சைட்டுக்கும் ஆயுள். இதைப் பார்க்காமல் வாங்கினால் புள்ளி எத்தனை எம்.ஓ.ஏ. என்பதெல்லாம் பிறகு யோசிக்க வேண்டிய விஷயமாகிவிடும்.

சரி, புள்ளிக்கு வருவோம். ஒரு எம்.ஓ.ஏ. என்பது 25 மீட்டரில் ஏறக்குறைய 7.3 மில்லிமீட்டர். அப்படியானால் 3 எம்.ஓ.ஏ. புள்ளி அந்தத் தூரத்தில் 2.2 செ.மீ. அளவு இடத்தை மறைக்கும், 6 எம்.ஓ.ஏ. புள்ளி 4.4 செ.மீ. மறைக்கும். உங்கள் போட்டி டார்கெட்டின் ஏ ஸோன் (அதிக மதிப்பெண் தரும் நடுப்பகுதி) 15 செ.மீ. அகலம், சிறிய இரும்புத் தட்டு 20 செ.மீ. விட்டம். இரண்டு புள்ளியுமே அதற்குள் தாராளமாக அடங்கிவிடும். அதனால் ஓடிக்கொண்டே, திரும்பிக்கொண்டே சுடும் போட்டியில் துல்லியம் குறைந்துவிடுமோ என்று பயந்து சின்னப் புள்ளியை எடுக்கத் தேவையில்லை. வெயிலில் சட்டென்று கண்ணில் படுவது பெரிய புள்ளிதான், அதுவும் பிரைட்னஸை அதிகம் கூட்டாமலேயே தெரியும். நான் உங்கள் இடத்தில் இருந்தால் 5 அல்லது 6 எடுப்பேன்.

புல்ஸ்ஐ எனப்படும் நின்று சுடும் துல்லியப் போட்டி என்றால் கதை வேறு. அங்கே 50 கஜத்தில் பத்து மதிப்பெண் வளையமே 8.5 செ.மீ. தான், 6 எம்.ஓ.ஏ. புள்ளி அந்தத் தூரத்தில் 8 செ.மீ. மறைக்கிறது. வளையம் முழுக்கப் புள்ளிக்குள் போய்விட்டால் நடு எங்கே என்று எப்படித் தெரியும்? அதற்கு 3-க்குக் கீழே இருப்பது நல்லது. இன்னொன்று, சின்னப் புள்ளியில் கை நடுக்கம் அதிகமாகத் தெரியும், சுடுகிறவர் அதை அடக்கப் போய் டிரிக்கரை வெடுக்கென்று இழுத்துவிடுவார். நடுக்கம் எல்லோர் கையிலும் உண்டு, அயர்ன் சைட்டிலும் இருந்தது, அப்போது இவ்வளவு தெளிவாகக் கண்ணில் படவில்லை, அவ்வளவுதான். புள்ளி ஆடட்டும், டிரிக்கரைச் சீராக அழுத்துங்கள்.

கேள்வி: பிஸ்டலை உயர்த்தியதும் புள்ளி கிடைப்பதே இல்லை. கண்ணாடிக்குள் தேடித் தேடி ஒரு விநாடி போய்விடுகிறது. கண்ணாடி பெரிதாக இருக்கும் சைட்டுக்கு மாறினால் சரியாகிவிடுமா?

பதில்: இந்தக் கேள்விக்குத்தான் நான் நேரம் எடுத்துப் பதில் சொல்ல நினைக்கிறேன், ஏனென்றால் நிறைய பேர் இங்கேதான் பணத்தை வீணாக்குகிறார்கள். பெரிய கண்ணாடி உதவும், இல்லை என்று சொல்லவில்லை. ட்ரிஜிகான் எஸ்ஆர்ஓ, ஹோலோசன் 507 காம்ப், சிக் ரோமியோ3 மேக்ஸ் போன்றவை போட்டிக்காரர்கள் கையில் அதிகம் தென்படுவது இதனால்தான். ரீகாயிலில் (சுட்டதும் பிஸ்டல் உதைக்கும்போது) புள்ளி மேலே எழும்பும்போது சின்னக் கண்ணாடியில் அது விளிம்பைத் தாண்டி மறைந்துபோகும், பெரிய கண்ணாடியில் அது எழுந்து இறங்குவதை முழுதாகப் பார்க்கலாம், அடுத்த குண்டுக்கான நேரம் அதில்தான் மிச்சமாகிறது. ஆனால் பிஸ்டலை எடுத்து நீட்டும்போதே புள்ளி காணவில்லை என்றால் அது கிரிப்பும் மணிக்கட்டும் செய்யும் தவறு, கண்ணாடிக்கு அதில் பங்கு இல்லை.

அயர்ன் சைட்டில் இதே தவறு இருந்தது. அப்போது பின் சைட்டும் முன் சைட்டும் எங்கே விலகி நிற்கின்றன என்று கண்ணுக்குத் தெரிந்ததால் போகிற போக்கில் திருத்திக்கொண்டீர்கள். ரெட் டாட் அந்தக் குறிப்பைத் தராது. குழல் சற்று மேல்நோக்கி இருந்தால் புள்ளி கண்ணாடியின் மேல் விளிம்புக்கு அப்பால் போய்விடும், வெறும் கண்ணாடிதான் தெரியும். புதிதாக மாறுகிறவர்களில் பலருக்குக் குழல் இப்படித்தான் மேலே தூக்கியபடி வரும், சைட் உயரமாக இருப்பதால் அவர்கள் பழைய உயரத்துக்கே பிஸ்டலைக் கொண்டுவந்து கண்ணை அதற்குமேல் தேடவிடுகிறார்கள்.

செய்ய வேண்டியது இது. பிஸ்டலில் குண்டு இல்லை என்று இரண்டு முறை பாருங்கள், மேகசினை (குண்டு அடைக்கும் பெட்டியை) அறைக்கு வெளியே வையுங்கள். சுவரில் ஒரு சின்ன அடையாளம் ஒட்டிக்கொண்டு, கண்ணை அதன்மேல் மட்டும் நிறுத்தி, பிஸ்டலை மெதுவாக நீட்டுங்கள். புள்ளி வரவில்லையா, தலையை ஆட்டித் தேடாதீர்கள், பிஸ்டலைக் கீழே இறக்கி மறுபடி முதலிலிருந்து நீட்டுங்கள். தலையை ஆட்டித் தேடிக் கண்டுபிடித்தால் கை எதையும் கற்றுக்கொள்ளாது, அடுத்த முறையும் இதேதான் நடக்கும். தினம் பத்து நிமிடம் போதும், ஆனால் தினமும். கை பழகிய பிறகு சைட் கண்ணாடியின் முன்பக்கத்தில் ஒரு டேப் ஒட்டிவிட்டு இரண்டு கண்ணையும் திறந்து வைத்துப் பயிற்சி செய்து பாருங்கள். ஒரு கண் டார்கெட்டைப் பார்க்கும், மற்றது புள்ளியைப் பார்க்கும், மூளை இரண்டையும் ஒன்றாக்கிக் காட்டும். புள்ளியையே உற்றுப் பார்க்கும் பழக்கம் உள்ளவருக்கு இதில் டார்கெட்டே தெரியாது, தவறு உடனே பிடிபடும்.

கேள்வி: எனக்கு வயது 48. புள்ளி வட்டமாக இல்லாமல் வால் முளைத்த மாதிரி, நட்சத்திரம் மாதிரி தெரிகிறது. சைட் பழுதா? மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா?

பதில்: கேட்பதற்கு முன் ஒரு சோதனை. குண்டு இல்லாத பிஸ்டலில் சைட்டைப் போட்டுவிட்டு, கைபேசிக் கேமராவைக் கண்ணாடிக்குப் பின்னால் வைத்துப் படம் எடுங்கள். படத்தில் புள்ளி வட்டமாக இருந்தால் சைட்டில் குறை இல்லை, உங்கள் கண்ணில் ஆஸ்டிக்மாட்டிசம் (கண்ணின் வளைவு சீராக இல்லாததால் வரும் பார்வைக் குறை) இருக்கலாம். பிஸ்டலைப் பக்கவாட்டில் சாய்த்தும் பார்க்கலாம். வால் பிஸ்டலோடு சேர்ந்து சுற்றினால் சைட், சுற்றாமல் இருந்த திசையிலேயே நின்றால் கண்.

கண் என்றால் கவலைப்படாதீர்கள். முதலில் பிரைட்னஸைக் குறையுங்கள், பலருக்கு இதிலேயே பிரச்சினை குறைந்துவிடும். டார்கெட்டின் நிறத்துக்கு மேல் புள்ளி தெரிந்தால் போதும், எரிய வேண்டியதில்லை. பிறகு கண் மருத்துவரிடம் போய், தூரப் பார்வைக்கான மூக்குக்கண்ணாடியில் ஆஸ்டிக்மாட்டிசத்தையும் சேர்த்துத் திருத்தித் தரச் சொல்லுங்கள். சிலருக்குச் சிவப்பைவிடப் பச்சைப் புள்ளி சுத்தமாகத் தெரியும், வாங்குவதற்கு முன் இரண்டையும் பார்த்துவிடுங்கள். மற்றபடி உங்கள் வயதுக்கு ரெட் டாட் ஒரு வரம் என்றே சொல்வேன். நாற்பதுக்கு மேல் முன் சைட் மங்கலாகத் தொடங்கும், அருகில் இருப்பதைத் தெளிவாகக் காட்டக் கண் எளிதில் குவியாது. ரெட் டாட்டில் எல்.ஈ.டி. ஒளி கண்ணாடியில் பட்டுத் திரும்பி, தூரத்திலிருந்து வருவது போலக் கண்ணுக்கு வருகிறது. அதனால் நீங்கள் டார்கெட்டைப் பார்த்தாலே போதும், புள்ளியும் கூடவே தெளிவாக இருக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே விட்டுப்போன போட்டிக்குத் திரும்பி வந்தவர்களை எனக்குத் தெரியும்.

கேள்வி: ரெட் டாட்டில் ஒளி விடும் பாகம் வெளியே தெரியும் திறந்த வகையா, அது பெட்டிக்குள் இருக்கும் மூடிய வகையா?

பதில்: மழையில், தூசியில் சுடுவீர்களா என்பதைப் பொறுத்தது. திறந்த வகையில் ஒளி விடும் இடத்தில் ஒரு துளி தண்ணீர் விழுந்தாலும் புள்ளி சிதறும் அல்லது காணாமல் போகும். ஏம்பாயின்ட் ஆக்ரோ போன்ற மூடிய வகையில் அந்தக் கவலை இல்லை, துடைத்தால் போதும். ஆனால் மூடிய பெட்டியின் விளிம்பு கண்ணில் படும், பெரிய கண்ணாடியின் தாராளம் அதில் குறைவு. கூரை போட்ட ரேஞ்சில் மட்டும் சுடுகிறவருக்குத் திறந்ததே போதும்.

கேள்வி: ஜீரோ செய்த (புள்ளி காட்டும் இடத்திலேயே குண்டு படும்படி சரிசெய்த) சைட் அடுத்த வாரம் வேறு இடத்தில் அடிக்கிறது. மறுபடி ஜீரோ செய்தால் மறுபடி விலகுகிறது. சைட்டை மாற்றிவிடலாமா?

பதில்: மாற்றாதீர்கள், முதலில் ஸ்க்ரூவைப் பாருங்கள். எனக்கே நடந்தது. ஒரு போட்டியில் மூன்றாவது ஸ்டேஜிலிருந்து (சுற்றிலிருந்து) குண்டுகள் வலப்பக்கம் போகத் தொடங்கின. டிரிக்கரை ஓரமாக இழுக்கிறேன் என்று என்னையே திட்டிக்கொண்டு, விரலை மாற்றி வைத்து, அடுத்த இரண்டு ஸ்டேஜையும் கெடுத்துக்கொண்டேன். கடைசியில் ஒருவர் சைட்டைப் பிடித்து அசைத்துப் பார்த்தார், ஆடியது. எண்ணெய் துடைக்காத ஓட்டையில் ஸ்க்ரூவை முறுக்கியிருந்தேன், அதுவும் அடாப்டர் பிளேட்டில் (சைட்டுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே வைக்கும் தகட்டில்) இரண்டு மூன்று மரை மட்டுமே பிடிக்கும் குட்டை ஸ்க்ரூ. அன்று போன மதிப்பெண் இன்னும் மனதில் உறுத்துகிறது.

ஸ்லைடு ஒவ்வொரு குண்டுக்கும் பின்னால் போய் மோதி முன்னால் வந்து மோதுகிறது, அதன் தலையில் சைட் உட்கார்ந்திருக்கிறது. ஆகவே ஸ்லைடிலேயே நேராகக் குடைந்து உங்கள் சைட்டின் அடிப்பாகத்துக்குப் பொருந்தும்படி செய்தது முதல் தரம், பிளேட் வைத்து மாட்டுவது இரண்டாம் தரம். அடிப்பாகம் எல்லாச் சைட்டுக்கும் ஒன்றில்லை. ட்ரிஜிகான் ஆர்எம்ஆர் அளவு ஒன்று, டெல்டாபாயின்ட் புரோ அளவு வேறு, வோர்டெக்ஸ் வெனமும் வைப்பரும் பயன்படுத்தும் டாக்டர் (Docter என்ற சைட்டின் பெயர்) அளவு வேறு, ஆக்ரோ வேறு. எஸ்ஆர்ஓ-வும் 507 காம்பும் ஆர்எம்ஆர் அளவிலேயே உட்காரும், அதனால் அந்தக் குடைவு இருந்தால் பிற்காலத்தில் மாற்றிக்கொள்ள இடம் அதிகம்.

மாட்டும்போது ஓட்டையையும் ஸ்க்ரூவையும் எண்ணெய் இல்லாமல் ஆல்கஹாலில் துடையுங்கள். ஸ்க்ரூ தளராமல் பிடிக்கும் பசையான நீல நிற த்ரெட்லாக்கர் ஒரு துளி. சிவப்பு வேண்டாம், அதைக் கழற்றச் சூடு காட்ட வேண்டும், சைட்டுக்குள் இருக்கும் மின்சுற்றுக்கு அது நல்லதில்லை. டார்க் (torque) டிரைவர், அதாவது முறுக்கும் அளவைக் கட்டுப்படுத்தும் திருப்புளி வைத்துத் தயாரிப்பாளர் சொன்ன அளவுக்கே முறுக்குங்கள், ஆர்எம்ஆர் வகைக்கு 12 இஞ்ச்-பவுண்ட், கையால் உத்தேசமாக முறுக்கினால் ஒன்று தளரும் அல்லது தலை முறியும். ஸ்க்ரூ நீளமாகவும் இருக்கக்கூடாது, கிளாக் ஸ்லைடில் நீள ஸ்க்ரூ கீழே இறங்கி எக்ஸ்ட்ராக்டர் (கூட்டை இழுக்கும் கொக்கி) பிளஞ்சரை அழுத்தி, சுட்ட குண்டின் கூடு வெளியேறுவதையே கெடுத்துவிடும். ஒரு நாள் காய விடுங்கள். பிறகு ஸ்க்ரூத் தலையிலிருந்து சைட் உடல்வரை பெயின்ட் பேனாவால் ஒரு கோடு போடுங்கள். கோடு ஒடிந்திருந்தால் ஸ்க்ரூ நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம், ஸ்டேஜுக்கு முன் ஒரு பார்வை போதும்.

இவ்வளவும் செய்தபிறகு 25 மீட்டரில் கையை ஊன்றி ஐந்து ஐந்து குண்டாகச் சுட்டு ஜீரோ செய்யுங்கள். புள்ளி குழலைவிட உயரத்தில் இருப்பதால் மிக அருகில் குண்டு புள்ளிக்குச் சற்றுக் கீழே விழும், மூன்று நான்கு மீட்டரில் இரண்டு செ.மீ. அளவுக்கு. அருகில் பாதி மறைத்த டார்கெட் வந்தால் அதை நினைவில் வையுங்கள்.

கேள்வி: ஐஎஸ்எஸ்எஃப் (சர்வதேசத் துப்பாக்கி சுடும் அமைப்பு) 25 மீட்டர் பிஸ்டல் போட்டிக்கு ரெட் டாட் போடலாமா?

பதில்: முடியாது. அங்கே பிஸ்டலில் திறந்த அயர்ன் சைட் மட்டும்தான்.

கேள்வி: தானாகப் பிரைட்னஸ் மாற்றும் வசதி நல்லதா? பேட்டரி எப்போது மாற்றுவது?

பதில்: போட்டிக்குக் கையால் மாற்றும் வகையே எடுங்கள். தானியங்கி சென்சார் நீங்கள் நிற்கும் இடத்து வெளிச்சத்தைத்தான் அளக்கும். நீங்கள் நிழலில் நின்று வெயிலில் இருக்கும் டார்கெட்டைச் சுட்டால் புள்ளி மங்கிக் கரைந்துவிடும். பேட்டரியைப் பொறுத்தவரை வருடம் ஒரு முறை, முதல் போட்டிக்கு முன்னால், தீர்ந்தாலும் தீராவிட்டாலும் மாற்றிவிடுங்கள். வாங்கும்போதே பேட்டரி எங்கே இருக்கிறது என்று பாருங்கள், மேலேயோ பக்கத்திலேயோ இருந்தால் சைட்டைக் கழற்றாமல் மாற்றலாம். பழைய ஆர்எம்ஆர் மாதிரி அடியில் இருந்தால் கழற்றித்தான் ஆக வேண்டும், ஸ்க்ரூ வேலை எல்லாம் முதலிலிருந்து, ஜீரோவையும் மறுபடி சரிபார்க்க வேண்டும். அப்படிப்பட்ட சைட் வைத்திருப்பவர்கள் அந்த வேலையைப் போட்டிக்கு முந்தின நாள் வைத்துக்கொள்ளாதீர்கள், இரண்டு வாரம் முன்பே முடித்துவிட்டு நூறு குண்டாவது சுட்டுப் பாருங்கள்.