நாயின் சொறி பிள்ளைகளுக்குத் தொற்றுமா?

கேள்வி: எங்கள் வீட்டு நாய்க்குக் காதோரம் மயிர் கொட்டிச் சொறி பிடித்திருக்கிறது. இப்போது இரண்டு பிள்ளைகளும் இரவில் நித்திரையில்லாமல் சொறிகிறார்கள். எனக்கும் கைவிரல் இடுக்கில் கடி தொடங்கிவிட்டது. நாயின் சொறி உண்ணியும் மனிதரின் சொறி உண்ணியும் ஒரே இனம் என்று ஒரு விஞ்ஞானி சொல்லியிருப்பதாகக் கனடாவில் இருக்கும் தம்பி சொல்கிறார். நாயை எங்கேயாவது கொண்டுபோய் விடச் சொல்கிறார் மாமி. என்ன செய்வது?
— ஒரு தாய், கோப்பாய்

பதில்: தம்பி சொன்னது பொய்யில்லை, அம்மா. ஆனால் நாயைத் துரத்தினால் பிள்ளைகளின் கடி நிற்காது.

அவர் சொல்லும் விஞ்ஞானி பெல்ஜியத்தின் அலெக்ஸ் ஃபெயினாக இருக்க வேண்டும். படிப்பால் அவரும் ஒரு வைத்தியர்தான். கொங்கோவில் வேலை செய்தவர், சிற்றுண்ணிகளை வகைப்படுத்துவதிலேயே வாழ்நாளைச் செலவிட்டவர். அவர் மனிதரிலும் பல விலங்குகளிலும் எடுத்த சொறி உண்ணிகளை நுணுக்குக்காட்டியில் வைத்து, முதுகிலுள்ள முட்களையும் செதில்களையும் செதிலே இல்லாத வெற்றிடத்தையும் ஒப்பிட்டார். ஒவ்வொரு விலங்கின் உண்ணியையும் தனி இனமாகப் பிரிக்கும் அளவுக்குத் தெளிவான எல்லை எதுவும் அகப்படவில்லை. எல்லாம் சார்கொப்டீஸ் ஸ்கேபியேய் என்ற ஒரே இனம்தான், உருவம் மட்டும் கொஞ்சம் மாறுகிறது என்று 1968இல் எழுதினார்.

உருவத்தைப் பொறுத்தவரை அது சரி. ஆனால் வட அவுஸ்திரேலியாவில் நாய்களும் மனிதரும் நெருங்கி வாழும் பழங்குடிக் குடியிருப்புகளில் இந்த உண்ணிகளின் மரபணுவை ஆராய்ந்தபோது, நாயில் இருப்பவை ஒரு கூட்டம், மனிதரில் இருப்பவை வேறு கூட்டம் என்று தெரிந்தது. அந்த ஆய்வு 1999இல் வெளிவந்தது. ஒரே முற்றத்தில் இருந்தும் இரண்டும் கலக்கவில்லை!

நாயின் உண்ணி நம் தோலில் ஏறினால் கடிக்கும், சிவப்பாகத் தடிக்கும். ஆனால் அங்கே குடும்பம் பெருக்கி நிலைக்க அதால் முடியாது. நாயைத் தூக்கும் முன்கை, வயிறு, தொடை ஆகிய இடங்களில் ஓரிரு நாளிலேயே தடிப்பு வரும். நாய்க்கு மருந்து செய்தால் சில வாரங்களில் தானாக அடங்கிவிடும்.

நீங்கள் சொல்வது அப்படி இல்லை. விரல் இடுக்கு, இரவுக் கடி, ஒரே வீட்டில் மூன்று பேர். இது மனிதரிடமிருந்து மனிதருக்கு வந்த சிரங்கு என்றே நினைக்கிறேன். நல்ல வெளிச்சத்தில் மணிக்கட்டையும் விரல் இடுக்கையும் பாருங்கள். மயிரிழை போலச் சில மில்லிமீற்றர் நீளக் கோடு தெரியலாம். அதன் நுனியில் ஒரு புள்ளி இருந்தால் அதுதான் பெண் உண்ணி, அரை மில்லிமீற்றர்கூட வராது. தோலின் மேற்படையைக் குடைந்தபடி தினமும் இரண்டு மூன்று முட்டை இடும். உடம்பு முழுக்கச் சொறிந்தாலும், பொதுவாக ஓர் ஆளில் இருப்பவை பத்துப் பதினைந்துதான். மிச்சக் கடியெல்லாம் ஒவ்வாமை. அந்த ஒவ்வாமை எழும்ப முதல் தடவையில் நாலு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே கடியே இல்லாத மாமியிலும் அது இப்போது இருக்கக்கூடும்.

அதனால் வீட்டில் எல்லோரும் ஒரே இரவில் மருந்து பூச வேண்டும். 5% பெர்மெத்ரின் கிறீமைக் கழுத்திலிருந்து உள்ளங்கால் வரை, நகத்தின் அடி, தொப்புள், பிறப்புறுப்பு எதையும் விடாமல் பூசி, 8 முதல் 14 மணி நேரம் கழித்துக் குளியுங்கள். ஒரு வாரத்தில் இன்னொரு முறை பூசுங்கள். கைக்குழந்தையோ கர்ப்பிணியோ இருந்தால் முதலில் வைத்தியரைக் கேளுங்கள். கடந்த மூன்று நாளில் பாவித்த உடுப்பையும் படுக்கை விரிப்பையும் சுடுநீரில் தோய்த்து வெயிலில் போடுங்கள். தோய்க்க முடியாததை ஒரு வாரம் பையில் கட்டி வையுங்கள். அப்புறமும் இரண்டு மூன்று வாரம் கடி இருக்கலாம். அதற்காகத் தினமும் மருந்தைப் பூச வேண்டாம்.

பாமசியில் 'கடிக்குக் கிறீம்' என்று கேட்டு வாங்கிப் பூசுவதை மட்டும் தயவுசெய்து செய்யாதீர்கள். பெரும்பாலும் அதில் ஸ்டீரொய்ட் இருக்கும். கடி அடங்கும், உண்ணி பெருகும், பார்க்கிற வைத்தியருக்கும் நோய் மறைந்து போகும்.

நாயைக் கால்நடை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். இப்போது ஊசியும் மாத்திரையும் இருக்கின்றன, குணமாகிவிடும். அதுவரை பிள்ளைகள் அதைத் தூக்க வேண்டாம். தெருவில் விட்டால் மற்ற நாய்களுக்கும் கொடுத்துவிட்டு அது வதைபட்டுச் சாகும்.

சொறிந்த இடத்தில் சீழ் கட்டினாலோ காய்ச்சல் வந்தாலோ பிள்ளையை உடனே காட்டுங்கள். முகம் வீங்கி, சிறுநீர் பிளேன்ரீ நிறத்தில் போனால் கிருமி சிறுநீரகத்தைப் பாதித்திருக்கலாம். அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.