அம்மோனியா பிளான்ட்டில் விபத்து வராமல் இருக்க என்ன செய்ய வேண்டும்?

கேள்வி: என் தம்பி ஐடிஐ முடித்துவிட்டு, மீன் பதப்படுத்தும் ஆலை ஒன்றில் அம்மோனியா பிளான்ட் ஆபரேட்டராகச் சேர்ந்திருக்கிறான். கேஸ் லீக் என்று செய்தி வரும்போதெல்லாம் வீட்டில் எல்லோருக்கும் பயம். விபத்து வராமல் தடுக்க வழி உண்டா? வேலையை விடச் சொல்லலாமா?

பதில்:

நானும் கடலோர ஆலை ஒன்றில் இதே வேலையில் இருப்பவன்தான். மீனை உறைய வைக்கும் குளிர் மெஷினுக்குள் சுற்றுவது அம்மோனியாதான். உங்கள் பயத்தில் தப்பில்லை. 2024 ஜூலையில் தூத்துக்குடி பக்கத்தில் ஒரு மீன் பதப்படுத்தும் ஆலையில் அம்மோனியா கசிந்து, உள்ளே இருந்த பெண்கள் பலர் மூச்சுத் திணறி மயங்கினார்கள். ஒடிசாவிலிருந்து பிழைக்க வந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

எல்லோரும் பெரிய டேங்க்கைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். எனக்கு டேங்க்கைவிட மனிதன் வால்வில் கை வைக்கும் நேரங்கள்தான் பயம்: ஆயில் டிரெயின் செய்யும்போது, கரண்ட் போய் வந்த பிறகு, டீஃப்ராஸ்ட் (குளிர் குழாய்களில் படிந்த பனியைச் சூடான கேஸ் விட்டு உருக்குவது) நடக்கும்போது, பழுது பார்க்கக் குழாயைக் கழற்றும்போது. சும்மா ஓடிக்கொண்டிருக்கும் பிளான்ட்டிலும் லீக் வரும், மறுக்கவில்லை. ஆனால் தம்பியின் கையில் இருப்பது இந்த நேரங்கள்தான்.

முதலில் ஆயில் டிரெயின். கேஸை அழுத்தும் கம்ப்ரசரிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக ஆயில் சிஸ்டத்துக்குள் போய்க்கொண்டே இருக்கும். திரவ அம்மோனியாவைவிட ஆயில் கனம் அதிகம் என்பதால், அடியில் போய்த் தங்கிவிடும். அதை அவ்வப்போது வெளியே எடுத்தாக வேண்டும். பழைய ஐஸ் பிளான்ட்டுகளில் பார்த்தால், கீழே ஒரு பக்கெட், வால்வில் ஒரு ஹோஸ், அவ்வளவுதான். குளிரில் ஆயில் கூழாகிவிடும். வால்வைத் திறந்தால் சொட்டுச் சொட்டாகத்தான் வரும். 'வரலையே' என்று இன்னும் ஒரு சுற்று திறப்பார்கள். அடைப்பு விட்ட நொடியில் ஆயிலுக்குப் பின்னால் இருந்த அம்மோனியா மொத்தமும் முகத்தில் அடிக்கும். அந்த நிலையில் திரும்பவும் வால்வைத் தேடி மூட யாராலும் முடியாது, கண் திறக்காது.

சரியான முறை ஒன்றும் கஷ்டமில்லை. ஆயில் பாட்டை (ஆயில் வந்து சேரும் சின்னக் கலன்) மற்ற லைன்களிலிருந்து பிரித்து மூடிவிட்டு, சக்ஷன் பக்கம் (கம்ப்ரசர் கேஸை உறிஞ்சும் பக்கம்) போகும் லைனை மட்டும் திறந்து வைத்துக் காத்திருக்க வேண்டும். பாட்டின் வெளிப்பக்கம் பனி படிந்திருந்தால் உள்ளே இன்னும் அம்மோனியா இருக்கிறது என்று அர்த்தம். பனி உருகி, பாட் வெறும் கைக்குச் சாதாரணமாகத் தெரிகிற வரை பொறுத்து, பிறகு அந்த லைனையும் மூடிப் பார்க்க வேண்டும். பிரஷர் திரும்ப ஏறவில்லை என்றால் டிரெயின் செய்யலாம். டிரெயின் முனையில் ஸ்பிரிங் வைத்த வால்வு இருக்க வேண்டும். கையை எடுத்தால் அதுவே மூடிக்கொள்ளும். அதைக் கம்பி போட்டுக் கட்டித் திறந்து வைத்துவிட்டு டீ குடிக்கப் போகிற ஆட்களும் உண்டு! தம்பி எந்தக் காரணத்துக்காகவும் அதைச் செய்யக் கூடாது. பக்கத்தில் இன்னொருவர் இல்லாமல் இந்த வேலையைத் தொடவும் கூடாது.

அடுத்தது, கரண்ட் போய் வந்த பிறகு. இதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவத்தை அந்த நாட்டு ரசாயன விபத்து விசாரணை வாரியமே ஆராய்ந்து எழுதியிருக்கிறது. 2010 ஆகஸ்ட் 23, அலபாமா மாநிலத்தில் தியோடர் என்ற ஊர், மில்லார்ட் என்ற குளிர்பதனக் கிடங்கு. முந்தைய நாள் 7 மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. திரும்ப ஓட்டும்போது அலாரங்களை நீக்குவதற்காக ஆபரேட்டர் கண்ட்ரோல் சிஸ்டத்தை ரீசெட் செய்தார். அந்த நேரத்தில் சரக்கை வேகமாக உறைய வைக்கும் ஒரு பிளாஸ்ட் ஃப்ரீசரின் எவாப்பரேட்டர் (அம்மோனியா ஆவியாகிக் குளிர் தரும் குழாய்த் தொகுதி) டீஃப்ராஸ்டில் இருந்தது, அதாவது உள்ளே சூடான கேஸ். ரீசெட் ஆனதும் சிஸ்டம் அதை மறந்துவிட்டு நேராகக் கூலிங்குக்குப் போனது. சூடான கேஸும் கடும் குளிரான திரவமும் ஒன்றாகச் சேர்ந்ததும் உள்ளே சம்மட்டி அடி போல அழுத்தம் கிளம்பி, கூரை மேல் போன 12 அங்குலக் குழாயே உடைந்தது. வெளியேறிய அம்மோனியா சுமார் 14,500 கிலோ. காற்று போன திசையில் வேலை செய்துகொண்டிருந்த ஒப்பந்தத் தொழிலாளர்களும் கப்பல் ஊழியர்களுமாக 150 பேருக்கு மேல் பாதிப்பு. 32 பேரை ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது.

நம் ஊரில் கரண்ட் போவது செய்தியே இல்லை. அதனால்தான் இதை இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன். கரண்ட் வந்ததும் அலாரத்தை அமுக்கி அணைப்பதற்கு முன்னால், எந்த எவாப்பரேட்டர் டீஃப்ராஸ்டில் நின்றது என்று பார்க்க வேண்டும். அதிலிருக்கும் சூடான கேஸை மெதுவாக வெளியேற்றிய பிறகுதான் சக்ஷன் வால்வு திறக்க வேண்டும். இன்னொன்றும் அந்த விசாரணையில் வந்தது: பெரிய லீக் என்றால் பிளான்ட்டை ஓடவிட்டுக்கொண்டே இடத்தைத் தேடி அடைக்கப் பார்க்காமல், எமர்ஜென்சி ஸ்டாப்பை அழுத்திவிட வேண்டும். சரக்கு கெட்டுப்போகும் என்று முதலாளி திட்டுவார்தான். திட்டட்டும்.

பிரைன் (குளிர்ந்த உப்புக் கரைசல்) டேங்க் வைத்து ஐஸ் கட்டுகிற இடமாக இருந்தால், பிரைனில் அம்மோனியா கலந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். கனடாவில் ஃபெர்னி என்ற ஊரின் ஐஸ் விளையாட்டு அரங்கில் 2017 அக்டோபரில் 3 தொழிலாளர்கள் இறந்தார்கள். பிரைனைக் குளிர வைக்கும் சில்லரின் குழாயில் சின்ன ஓட்டை விழுந்து அம்மோனியா பிரைனுக்குள் போயிருந்தது. அது முன்பே சோதனையில் தெரிந்தும் அதே சில்லரை மறுபடி ஓட்டியிருந்தார்கள். இத்தனைக்கும் சோதனை சுலபம்தான்: பிரைன் சாம்பிளில் நெஸ்லர் கரைசல் சில சொட்டு விட்டால், அம்மோனியா இருந்தால் மஞ்சளாகிவிடும்.

'எனக்கு வாசனையே பழகிப்போச்சு' என்று பெருமையாகச் சொல்லும் சீனியர்கள் எல்லா ஆலையிலும் இருப்பார்கள். பழகியது மூக்குதான், நுரையீரல் இல்லை. 8 மணி நேர வேலைக்கு 25 பிபிஎம் (பத்து லட்சம் பங்கு காற்றில் 25 பங்கு) என்பது வரம்பு. 300 பிபிஎம் என்றால் உயிருக்கே ஆபத்து என்று வைத்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் எங்கே இருக்கிறோம் என்று மூக்கு சொல்லாது, அதற்கு டிடெக்டர்தான் வேண்டும். அதேபோல கேனிஸ்டர் மாஸ்க் தப்பித்து வெளியே வர மட்டும். லீக் ஆகும் அறைக்குள் போவதென்றால் முதுகில் சிலிண்டரோடு மாட்டும் பி.ஏ. செட் (மூச்சுக் கருவி) வேண்டும், அதுவும் இரண்டு பேருக்கு.

லீக் ஆனால் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, அதற்குக் குறுக்காக ஓட வேண்டும். அம்மோனியா காற்றைவிட லேசு, மேலே போய்விடும் என்று பாடத்தில் படித்திருப்பான். திரவமாகப் பீறிட்டு வரும்போது குளிர்ந்த வெள்ளைப் புகையாகத் தரையோடுதான் தவழும். கீழே தேங்கிய திரவத்தின் மேல் தண்ணீர் ஊற்றக் கூடாது, இன்னும் வேகமாக ஆவியாகும். ஆள் மேல் பட்டால் நேர் எதிர்: கண்ணையும் உடம்பையும் குறைந்தது 15 நிமிடம் தண்ணீரில் கழுவ வேண்டும். துணி தோலோடு உறைந்து ஒட்டியிருந்தால் பிய்க்காமல் தண்ணீர் விட்டே இளக்க வேண்டும். வியர்வை ஈரம் இருக்கும் அக்குள், தொடை இடுக்கைத்தான் கேஸ் முதலில் பிடிக்கும்.

சரி, வேலையை விடலாமா? அதற்குள் அவசரப்படாதீர்கள். இந்தத் தொழிலில் நல்ல ஆபரேட்டருக்கு எப்போதும் கிராக்கி உண்டு. தம்பியை நாலு விஷயம் விசாரிக்கச் சொல்லுங்கள்: ரிசீவரின் (திரவ அம்மோனியா சேரும் டேங்க்) கிங் வால்வு, அதாவது அதிலிருந்து வெளியே போகும் மெயின் வால்வு எங்கே, எமர்ஜென்சி ஸ்டாப்பும் எக்ஸாஸ்ட் ஃபேன் சுவிட்சும் மெஷின் ரூமுக்கு வெளியே இருக்கிறதா, பி.ஏ. செட் சிலிண்டரில் காற்று இருக்கிறதா, நைட் ஷிஃப்டில் எத்தனை பேர். முதல் மூன்றில் குறை இருந்தால் கேட்டு வாங்கிவிடலாம். நைட் ஷிஃப்டில் அவன் ஒருவன் மட்டும்தான் என்றால், கேட்டும் இன்னொரு ஆள் போடவில்லை என்றால், வேறு ஆலை பார்க்கச் சொல்லுங்கள்.